நீட்டிய இடது கை

போன வருஷத் தடை ஓட்டத்தில், சுவரின் உச்சியிலிருந்து லிங்கேஸ்வரன் என் கையைப் பிடித்துத் தூக்கினான். நான் பாதி ஏறியிருந்தபோது பக்கத்து ஊரான ரிங்லெட்டின் ஆள் ஒருவன் முந்துவதைப் பார்த்தான். என்னை விட்டுவிட்டு ஓடி முதலில் வந்தான். கீழே விழுந்த எனக்கு வலது தோள்மூட்டு கழன்றது. "சகதிலா, கை வழுக்கிடுச்சு" என்று எஸ்டேட் முழுக்கச் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். அவன் விரல்களைத் திறந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதுவரை தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினை நாங்கள் இருவரும்தான் பிடித்தோம். செடி நிரைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். சரிவில் ஒருவன் கைப்பிடியை விட்டால் பிளேடு மற்றவன் காலில் இறங்கும். அதன்பிறகு என் பக்கத்தை யுவனேஸ்வரன் பிடித்தான். நான் ஃபேக்டரியில் தேயிலைத் தூசி கூட்டினேன்.

இந்த வருஷப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னதும், என் மனைவி பூவிழி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர் என்னா சொன்னாரு? இன்னொரு தடவ கழண்டா ஜென்மத்துக்கும் மெஷின தொட முடியாதுன்னாரா இல்லியா?"

"கயித்துல தொங்க மாட்டேன். கட்டை தூக்க மாட்டேன். தாண்டாத தடைக்குக் கூடுதலா ஒரு ரவுண்டு ஓடுனா போதும்லா. காலு நல்லாத்தானே இருக்கு."

"சுவரு?"

"அதுக்குத்தான் போறேன்."

"அவனப் பழி வாங்கவா?"

"ஆமா."

பந்தயத்தன்று காலையில் அவள் என் வலது தோளைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். "எடது கையால செய்யுங்க" என்றாள்.

முதலில் கிளம்பிய கூட்டத்தோடு ஓடினேன். சுவரடியில் இரண்டு பேர் என் காலைத் தாங்கி மேலே தள்ளிவிட்டார்கள். அவர்கள் போன பிறகும் நான் இறங்கவில்லை. உச்சியில் குப்புறப் படுத்து லிங்கேஸ்வரனுக்காகக் காத்திருந்தேன். சுவருக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம். கங்காணி, யுவனேஸ்வரன், பாதி எஸ்டேட் அங்கே நின்றது.

அடுத்த கூட்டத்தில் அவன்தான் முதலில் வந்தான். தூக்கிவிட அவனுக்கு வேறு ஆளில்லை. இடது கையை நீட்டினேன்.

"வாடா."

கையைத் தூக்கியவன் பாதியில் நிறுத்தினான்.

"டேய் யோகேன்… விட்டுற மாட்டியே?"

"நீ விட்டியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அவன் கையைக் கீழே இறக்கினான். வழுக்கிடுச்சு என்றுகூட வாயில் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒருவரையொருவர் ஏற்றிவிட்டு, அவனுக்குக் கை கொடுக்காமல் தாண்டிப் போனார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கூடுதல் ரவுண்டு ஓடப் போனான். எனக்கு அப்படி இனித்தது.

திங்கட்கிழமை யுவனேஸ்வரன் கங்காணியிடம் போனான். "லிங்கேஸ்வரன்கூட மெஷின் பிடிக்க மாட்டேன் கங்காணி. எனக்குக் காலு வேணும்." அந்தக் கைப்பிடியைப் பிடிக்க வேறு யாரும் வரவில்லை. மறுநாள் லிங்கேஸ்வரன் ஃபேக்டரியில் என் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றான்.

சாப்பிடும்போது பூவிழி கேட்டாள், "அவன் கையப் புடிச்சிருந்தா, நெஜமாவே தூக்கியிருப்பீங்களா?"

"தூக்கியிருப்பேன்" என்றேன். "பாதி வரைக்கும்."