லவினாவின் ஒத்திகை

முதல் அடி லவினாவின் வாயில் விழுந்தது. டக்ளஸ் குறி பார்த்துத்தான் அடித்தான்.

"இன்னாடி, நாளைக்கு மேடை ஏறுவியா? இந்த மூஞ்சிய வச்சிக்கினு ஏறு, பாக்கலாம்!"

அரிசி டிரம்மின் மேலிருந்த லேப்டாப்பைத் தூக்கித் தரையில் அறைந்தான். திரை நொறுங்கியது. லவினா வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

கட்டிய புருஷனுக்கு அவள் செய்த துரோகம் இதுதான். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நந்திதுர்க் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில், தங்கம் பிரித்தெடுத்த கழிவாக மலைபோல் கிடக்கிறதே சயனைடு மண்மேடு, அதிலிருந்து காற்றுக்காலத்தில் வீட்டுக்குள் வரும் தூசி பிள்ளைகளின் நெஞ்சை என்ன செய்கிறது என்று வருடக்கணக்கில் ஆராய்ந்திருந்தாள். மறுநாள் பெங்களூர்க் கருத்தரங்கில் அதைப் பேச வேண்டும். அதிகாரிகளும் வருகிறார்கள். அவள் சொல்வது அவர்கள் மனதில் தைத்தால்தான் அந்த மேட்டை மூட வழி பிறக்கும்.

வழிகாட்டிப் பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "தாளைப் பார்த்துப் படிக்காதே. எண்களைக் கொட்டாதே. ஒன்றைச் சொல், நிறுத்து, முகங்களைப் பார். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். வீட்டில் வாய்விட்டுப் பழகு."

பழகினாள். அதுதான் வினையாகப் போயிற்று. லைனில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தட்டிச் சுவர்தான். அரிசி டிரம்மின் முன் நின்றுகொண்டு அவள் ஆங்கிலத்தில் கணீரென்று பேசியதைப் பக்கத்து வீட்டு நேசமணி கேட்டாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் பெண் குரல் அவ்வளவு உயர்ந்தால் அது புருஷனைத் திட்டுவதாகத்தான் இருக்க வேண்டும் என்று தெளிவாகப் புரிந்துகொண்டாள். சுவரைத் தட்டினாள். பிறகு நாலு பேரிடம் சொன்னாள். டக்ளஸ் தினமும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயில்வரை சேதி போய்விட்டது.

"இன்னா டக்ளஸு, மேடம் உன்ன இங்கிலீஷ்ல லெஃப்ட் ரைட் வாங்குறாங்களாமே?"

பெட்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவன் இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான்.

"மெதுவாப் பேசுன்னு அப்பவே சொன்னேன்," என்றாள் மாமியார் ஜெயசீலி, அடுப்படியை விட்டு நகராமல். "பொம்பள சத்தம் வெளிய கேட்டா நல்லாவா கீது?"

டக்ளஸ் லவினாவின் கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. தட்டிச் சுவர் அதிர்ந்தது. லவினா அலறினாள்.

நேசமணி வீட்டில் டிவி சத்தம் கூடியது. லைனில் அது ஒரு மரியாதை. ஒருவன் பெண்டாட்டியை அடிக்கும்போது பக்கத்து வீட்டார் டிவியை உரக்க வைத்துவிடுவார்கள். குடும்ப மானம் வெளியே போகக் கூடாதல்லவா! அவள் பேசியதற்குச் சுவரைத் தட்டியவர்கள் அலறியதற்குத் தட்டவில்லை. இந்த மரியாதையை நினைத்தால் வயிறு எரிகிறது.

மறுநாள் காலை ரயிலில் லவினா போனாள். பேச்சோடு திரையில் காட்டும் படங்களை முன்பே கருத்தரங்குக்கு அனுப்பிவைத்திருந்தாள். அரங்கத் தலைவர் சைலஸ், தங்கவயலில் பிறந்த பேராசிரியர். வீங்கிய உதட்டைப் பார்த்து மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"இன்னாமா இது? பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டியா?"

பாவம், நல்ல மனிதர். எல்லாப் பெண்களும் சொல்லும் பொய்யை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல சார். வூட்டுக்காரர் அடிச்சாரு," என்றாள் லவினா. அவர் கை மைக்கிலிருந்து நழுவியது. முன்வரிசைக்கு அது கேட்டுவிட்டது; நிமிர்ந்து பார்த்தது.

அவள் பேசத் தொடங்கினாள். முதல் படத்தில் ஒரு குழந்தையின் தூளித்துணி, அதன் மேல் சாம்பல் நிறத்தில் தூசி. உதடு ஒத்துழைக்காத சொற்களை நிறுத்தித் திரும்பச் சொன்னாள். தாளைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தாள். கைப்பேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

கேள்வி நேரம் வந்தது. முதலில் சைலஸே கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"தப்பாக நினைக்காதே அம்மா. எந்த மனுஷனும் சும்மா அடிப்பானா? அவருக்குக் கோபம் வருகிற மாதிரி நீ என்ன செய்தாய்?"

அரங்கில் சிலர் தலையசைத்தார்கள். லவினா மைக்கை வாயருகே இழுத்தாள்.

"இப்போது நீங்கள் கேட்ட பேச்சை வீட்டில் ஒருமுறை பேசிப் பார்த்தேன் சார்," என்றாள். "தூசியைப் பற்றி யாருக்காவது கேள்வி இருக்கிறதா?"