மதலேனம்மாளின் ஒருசந்தி

1928-ம் வருஷத்தில், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில், சாந்தோம் குப்பத்து மதலேனம்மாள் சாப்பிடாமல் விட்ட சோறெல்லாம் அவள் மகன் ரபேலின் வயிற்றில் போய்ச் சேர்ந்தது. அந்த மாதம் வஞ்சிரம் மலிந்து கிடந்தது, கச்சேரி ரோட்டில் ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது, வெயில் வழக்கத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. இவையெல்லாம் எவ்வளவு நிஜமோ சோற்றுச் சமாசாரமும் அவ்வளவு நிஜம். குப்பத்தில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்தார்கள். யாரும் அதைப் பெரிதாக்கிப் பேசவில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பையனுக்கு ஆபரேஷன் ஆக வேண்டும்.

ரபேலுக்கு நாலு வயது. அழுதாலும் இருமினாலும் அவன் அடிவயிற்றின் இடப்பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம் எட்டிப் பார்க்கும், மல்லாக்கப் படுத்தால் உள்ளே போய்விடும். அதனால் அவனை அழ விடாமலே வளர்த்தார்கள். அப்பன் மாசிலாமணி கட்டுமரத்தை விட்டு இறங்கியதும் மீனைக்கூடக் கவனிக்காமல் மகனைத் தோளில் ஏற்றிக்கொள்வான். அழாமல் வளர்கிற பிள்ளை எப்படி இருக்குமோ அப்படி இருந்தான் ரபேல். கேட்டது கிடைத்தது, கேட்க மறந்ததும் கிடைத்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்த டாக்டர் ஸ்ரீனிவாசராகவன், குடல் இறங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், அரை மணி வேலை என்றார். தள்ளிப்போட்டால் இறங்கிய குடல் ஒருநாள் அங்கேயே சிக்கிக்கொள்ளும், அப்புறம் பிழைப்பது சந்தேகம் என்றும் சொன்னார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. குளோரோபாரம் கொடுக்கும்போது பையனின் வயிறு காலியாக இருக்க வேண்டும். உள்ளே சோறு இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறி மூச்சை அடைத்துவிடும், கத்தி படுவதற்கு முன்பே பிள்ளை போய்விடும்.

மதலேனம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கோவிலுக்குப் போய், பிள்ளை குணமாகும்வரை ஒருசந்தி இருப்பதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு. தவசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோவிலைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் இருப்பதுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் அந்த ஒருவேளையையும் விட்டுவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. ரபேலுக்கு முன்னால் அவளுக்கு செசிலி என்று ஒரு பெண் இருந்தாள். விஷக்காய்ச்சலில் கிடந்த அந்தக் குழந்தையின் பக்கத்திலேயே தாய் பட்டினியாய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் அவளை வெளியே இழுத்துவந்து சோறு போட்டார்கள். முதல் கவளம் வாயில் இருக்கும்போதே உள்ளே முனகல் நின்றுபோனது. அதிலிருந்து தன் பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது.

ஆபரேஷன் அன்று காலையில் ரபேல் பசிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதா அவன் பசியை எடுத்துக்கொண்டாள் என்று மதலேனம்மாள் சந்தோஷப்பட்டாள். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அது உடுக்கைத் தோல் மாதிரி விம்மி இருந்தது. பையன் நெத்திலிக் குழம்பு மணக்க ஏப்பம் விட்டான். டாக்டர் ரப்பர் குழாயை விட்டு எடுத்துப் பார்த்ததில் ஒரு ஆள் சாப்பிடும் சோறு வந்தது. அதே நெத்திலிக் குழம்பையும் சோற்றையும் மதலேனம்மாள் முந்தின நாள் தன் பங்கிலிருந்து எடுத்துக் கோவில் வாசலில் ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்திருந்தாள். அவனும் அதைத் திருப்தியாகத்தான் சாப்பிட்டிருந்தான். ஒரு சோறு எப்படி இரண்டு வயிற்றில் இருக்க முடியும் என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். இருந்தது, அவ்வளவுதான். திருட்டுத்தனமாகச் சோறு ஊட்டிவிட்டுச் சத்தியம் வேறு செய்கிறாளே என்று டாக்டர் அவளைத் திட்டி, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார்.

இந்த இடத்தில்தான் மதலேனம்மாள் தப்புக் கணக்குப் போட்டாள். தன் ஒருத்தியின் பட்டினி மாதாவுக்குப் போதவில்லை என்று அவள் நினைத்தாள். கோவாவிலிருந்து வந்திருந்த பங்குச் சாமியாரிடம் அழுதாள். அவர் இரக்கப்பட்டுப் பூசையில் அறிவிக்க, குப்பமே ரபேலுக்காக ஒருசந்தி எடுத்தது. இந்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்துக் குடிசை அங்காளம்மாள், சோற்றோடு தன் வெற்றிலை பாக்கையும் மாதாவுக்கு விட்டுக்கொடுத்தாள். மாசிலாமணி கள்ளை விட்டான், அவன் விட்டதைப் பார்த்து மற்ற ஆண்களும் முனகிக்கொண்டே விட்டார்கள். அடுத்த வாரம் ரபேலுக்கு எந்தச் சட்டையும் சேரவில்லை. அவனை ஏற்றிய ஜட்காவின் குதிரை லஸ் முனையில் நின்றுவிட்டது, மாசிலாமணியும் வண்டிக்காரனும் இறங்கித் தள்ளினார்கள். ஆஸ்பத்திரியில் அவனை இறக்கியபோது கேழ்வரகுக் கூழும் சுறாப்புட்டும் மணந்தது, வெற்றிலை போடாத வாய் சிவந்திருந்தது, கண்கள் சொக்கிப் போயிருந்தன. நர்ஸைப் பார்த்து ஏலேலோ பாடினான். டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு முடிந்து பையன் பலமாகச் சிரித்தான், சிரித்ததில் வீக்கம் வெளியே வந்தது. இந்தத் தடவை மல்லாக்கப் படுக்க வைத்தும் அது உள்ளே போகவில்லை. டாக்டர் வெகுநேரம் மெல்ல மெல்ல அழுத்தித்தான் அதை உள்ளே அனுப்ப முடிந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் தன் கையில் இல்லை என்று அவர் மாசிலாமணியிடம் சொன்னார். பையனைத் தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்வதென்று வார்டில் படுக்கை கொடுத்து, வீட்டு ஆட்கள் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஆயாவுக்கு உத்தரவு போட்டார்.

மறுநாள் காலை டாக்டர் தானே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பையனின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முந்தின சாயந்திரத்திலிருந்து அவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் மாசிலாமணி பொட்டலத்தைப் பிரித்து இட்லியைப் பெண்சாதியிடம் நீட்டுவது தெரிந்தது. அவள் தலையை ஆட்டிக் கையைத் தள்ளிவிட்டாள். டாக்டரின் உள்ளங்கைக்குக் கீழே வயிறு மெதுவாக எழும்பியது. பையன் மிளகாய்ப்பொடி மணக்க ஏப்பம் விட்டான். டாக்டர் படித்த மனிதர், ஒரு தடவை பார்த்ததை நம்புகிறவர் இல்லை. ஆயாவிடம் ஒரு ரஸ்தாளிப் பழத்தைக் கொடுத்து, அந்த அம்மாளிடம் கொடு என்று அனுப்பினார். அவள் வேண்டாம் என்றதும் வார்டில் ரஸ்தாளி வாசனை வந்தது. டாக்டர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வெளியே போனார்.

"நீ பொய் சொல்லலை. நான்தான் புரியாமத் திட்டிட்டேன்," என்றார் அவளிடம். "எங்காத்துல அம்மா எனக்காக ஏகாதசி தவறாமப் பட்டினி இருப்பா. அன்னிக்கெல்லாம் நேக்குப் பசிச்சதே இல்ல. ஏன்னு இத்தனை வருஷமா நான் யோசிச்சும் பார்க்கலை. நீ சாப்பிட்டாத்தாம்மா அவன் வயிறு காலியாகும்."

மதலேனம்மாள் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை, பயந்தாள். தான் சாப்பிட்டால் பிள்ளை பசியில் கிடப்பானா என்று கேட்டாள். கிடப்பான் என்றார் டாக்டர். அழுவானா என்று கேட்டாள். அழத்தான் செய்வான், வீக்கம் வந்தால் பார்த்துக்கொள்ளத் தான் பக்கத்திலேயே இருப்பதாக அவர் சொன்னார். சாமியாரை வரவழைத்தார்கள். அவர் நேர்ச்சையிலிருந்து அவளை விடுவித்து, மறுநாள் வெள்ளிக்கிழமையானாலும் குப்பத்தில் ஒருவரும் ஒருசந்தி இருக்கக்கூடாது என்று ஆளனுப்பிச் சொன்னார். பிள்ளைக்காக இனிச் சாப்பிடுவதுதான் தவசு என்றார். குப்பம் கீழ்ப்படிந்தது, ஆண்கள் சற்று அதிகமாகவே கீழ்ப்படிந்தார்கள். மதலேனம்மாள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாதா என்னை உட்ரும் சாமி, நீங்களும் உட்ருவீங்க," என்றாள். "நான் துன்னுகினு இருக்கச்சொல்லோ தான் செசிலி பூட்டா. வாயில சோறு கீது, உள்ளாற சத்தம் நின்னு பூச்சு. இன்னொரு தபா என்னால ஆவாது."

இந்தத் தடவை யாரும் அவளை இழுத்து உட்கார வைத்துச் சோறு போடவில்லை. அவள் தானே உட்கார்ந்து, தள்ளிவிட்ட இட்லியை எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு வாயில் வைத்தாள். அது இறங்க வெகுநேரம் ஆயிற்று. மத்தியானமும் சாப்பிட்டாள், இரவும் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரபேல் பசி என்றால் என்னவென்று கண்டுகொண்டான். நாலு வருஷத்து அழுகையை மொத்தமாகச் சேர்த்து அழுதான். அது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது, பூவரச மரத்தடியில் தெளிவாகவே கேட்டது. அங்கே குப்பத்துப் பெண்கள் தூக்கும் சட்டியுமாக வந்து மதலேனம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கவளத்தை அவள் மறுத்தால்கூட அது பிள்ளையின் வயிற்றுக்குப் போய்விடும் என்பதால் நீட்டியதையெல்லாம் வாங்கிச் சாப்பிட வேண்டியிருந்தது. கச்சேரி ரோட்டில் தகரம் அடிக்கும் கலீமுல்லாவின் சம்சாரம் அமீனா பீ, வழக்கமாக அவளிடம் மீன் வாங்குகிறவள், கிச்சடியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்திருந்தாள். மதலேனம்மாளுக்குத் திடீரென்று திக்கென்றது.

"அக்கா, நீ நோம்பாச்சே. நீ துன்னாதது அவன் வயித்துக்குப் பூடாதா?"

"என் நோம்பு அல்லாவுக்கு," என்றாள் அமீனா பீ. "உம்புள்ளைக்கு இல்ல. நீ துன்னு."

மதலேனம்மாள் கிச்சடியை வாயில் வைத்தாள். அப்போது உள்ளே அழுகை நின்றது.

குளோரோபாரம் கொடுத்தால் அழுகை நிற்கும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் இருந்தார். சொன்னது புத்திக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. செசிலியைக் கொண்டுபோன அதே அமைதி, வாயில் அதே கவளம். மதலேனம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். துப்பிவிடுவாளோ என்று மாசிலாமணி அவள் எதிரில் வந்து குந்தினான். "மே, முழுங்கு மே," என்றான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே மென்றாள், கண்ணீர் தாடையில் வழிய வழிய மென்றாள், விழுங்கினாள். பிறகு அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள். அமீனா பீ ஊட்டினாள். ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கிச்சடி, கூழ், கருவாட்டுக் குழம்பு, அங்காளம்மாள் மடித்துக் கொடுத்த வெற்றிலை, எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தாய் அவ்வளவு கஷ்டப்பட்டு ஜெபம் செய்து பார்த்ததில்லை என்று சாமியார் பின்னால் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

டாக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். வயிறு சுத்தமாகக் காலியாக இருந்தது, தையல் போட்டாயிற்று, பையன் நன்றாக இருக்கிறான் என்றார். மதலேனம்மாள் அவரைக் கும்பிட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். அது ரபேலின் வயிற்றுக்குப் போகவில்லை, மறுத்த சோறு வேறு, தின்று வெளியே வந்த சோறு வேறு கணக்கு. அவள் அழுதாள், செசிலியின் பெயரைச் சொல்லி அழுதாள். அந்தப் பெயர் அவள் வாயில் வந்து ஆறு வருஷமாகியிருந்தது.

மத்தியானம் ரபேல் மயக்கம் தெளிந்து, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினான். எவ்வளவு அழுதாலும் இப்போது எந்த வீக்கமும் வரவில்லை. ஆனால் நர்ஸ் ஊட்டப்போன கரண்டியைத் தட்டிவிட்டான், வாயை இறுக்கி மூடிக்கொண்டான். சாயந்திரம் மதலேனம்மாள் டாக்டரிடம் போய், அவனுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டாள். தண்ணீராக அரிசிக் கஞ்சி, உப்பு குறைவாக, ஒரு டம்ளருக்கு மேல் கூடாது என்றார் அவர். அவள் கேண்டீனிலிருந்து அப்படியே ஒரு டம்ளர் வாங்கி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். காலையிலிருந்து சாப்பிட்டதெல்லாம் போய் அவளுக்கு நிஜமாகவே பசித்தது. பிறகு சிலுவை போட்டுக்கொண்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். உள்ளே அழுகை அடங்கியது, சின்னதாக ஒரு ஏப்பம் கேட்டது.

பையன் கஞ்சி எடுத்துக்கொண்டான் என்று நர்ஸ் டாக்டரிடம் வந்து சொன்னாள். எவ்வளவு என்று அவர் கேட்டார். ஒரு டம்ளர் என்றாள் நர்ஸ். போதும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.