ஒரு கை போகும் அளவு

அன்னப்பூரணியின் களிமண் பட்டறையில் எதைச் செய்தாலும் அதற்குள் ஒரு ஆம்பிளைக் கை போய்வர வேண்டும். பழுகாமத்தில் கைவிடப்பட்ட நெல் களஞ்சியத்தில் அவள் பட்டறை தொடங்கியபோது இப்படியொரு சட்டம் இருக்கவில்லை. மட்டக்களப்புக்குப் பாலம் தாண்டித்தான் போகவேண்டும், பாலத்தடியில் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. கை விட்டுப் பார்க்க முடியாத எதையும் ஆமிக்காரர் உடைத்துத்தான் பார்ப்பார்கள். போன வருடம் பாக்கியராசா என்ற பொடியன் மாதக்கணக்காக இருந்து, ஓட்டையில்லாமல் மூடிச் செய்த களிமண் முகங்கள் அப்படித்தான் உடைந்து போயின. அதன் பிறகு அவன் களியைத் தொடவில்லை. இப்போது கட்டாரில் லொறி கழுவுகிறான்.

தயிர்ச் சட்டி விற்றுத்தான் அவள் சிலைகளுக்குச் சோறு போட்டாள். தயிர்ச் சட்டியின் வாய் அகலம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த வருமானத்தில் நாலைந்து இளசுகளுக்குக் களியும் விறகும் மத்தியானச் சாப்பாடும். வேலை மினக்கெட்டவள், உதவாத வேலைக்குப் பொழுதை விடுகிறவள் என்று ஊர் சொன்னது. பின்னேரங்களில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சூளையடியில் குந்தும்போது, ஊர் சொல்வது சரிதான் என்று அவளுக்கும் படும்.

இந்த முறை அந்த இளசுகளில் தெய்வமணியின் சிலைதான் பாலம் தாண்டவேண்டும். ஊரில் சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு இயக்கம் வரத் தொடங்கியிருந்தது. தெய்வமணி வீட்டில் இருப்பது இவள் ஒருத்திதான். மட்டக்களப்பு டவுனில் நடக்கும் கண்காட்சியில் நல்ல வேலை ஒன்றைக் காட்டினால் சிற்பம் படிக்க இடமும், தங்க விடுதியும் கிடைக்கும். எப்படியாவது இவளை அந்தப் பக்கம் அனுப்பிவிடச் சொல்லித் தாய்க்காரி வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

தெய்வமணி செய்தது, குந்தியிருக்கும் ஒரு பிள்ளைத்தாச்சி. வயிறு நிறைந்து, எங்கும் ஒரு கீறல் இல்லாமல் மூடியிருந்தது. பார்த்ததும் அன்னப்பூரணிக்குச் சந்தோசம். அடுத்த நிமிடம் பயம் பிடித்தது. கை போக முதுகில் வெட்டினால் தலைப்பாரம் தாங்காது. அடியில் வெட்டினால் சூளையில் சரிந்துவிடும்.

"வயித்துலதான் வெட்டணும் புள்ள."

"சூட்டுக் காத்து வெளிய போக அடியில ஊசி போற ஓட்டை விட்டிரிக்கன் அக்கா. சூளைக்கு அது போதும்."

"சூளைக்குப் போதும். சென்றிக்குப் போதாது."

தெய்வமணி கையைக் கழுவிக்கொண்டு எழும்பினாள். "அப்ப இது இங்கயே இரிக்கட்டும். நானும் இரிக்கன்."

மறுநாள் அவள் வருமுன் அன்னப்பூரணியே களி வெட்டும் கம்பியை எடுத்தாள். தன் கைமுட்டியை வைத்து அளந்து, ஆம்பிளைக் கைக்காக இன்னும் கொஞ்சம் கூட்டி, வயிற்றில் வட்டமாக வெட்டி எடுத்தாள். கை ஓரிடத்திலும் பிசகவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. தெய்வமணி வந்து பார்த்தாள். விரலைத் தண்ணீரில் தோய்த்து, வெட்டின விளிம்பை உச்சி வெயில் ஏறும்வரை தடவித் தடவி மழுக்கிக்கொண்டிருந்தாள்.

சுட்டு எடுத்த சிலையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இருவரும் பாலத்தடிக்குப் போனார்கள். அன்று சென்றியில் எல்லாக் கண்ணும் பொடியன்மார் மேல்தான். அவர்களை வாகனங்களிலிருந்து வெயிலில் இறக்கி வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்னப்பூரணி தானாகவே சாக்கை அவிழ்த்து, வயிற்றின் ஓட்டை தெரியச் சிலையைத் திருப்பிப் பிடித்தாள். ஆமிக்காரன் அதைச் சரியாகப் பார்க்கவும் இல்லை.

"போ, போ," என்றான்.

பாலம் தாண்டி இருவரும் பஸ் ஏறினார்கள். ஆமிக்காரன் அதற்குள் கையை விட்டிருந்தாலாவது அன்னப்பூரணிக்கு மனம் ஆறியிருக்கும். இருக்கை கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"மூடியிருந்தா உடைச்சிருப்பாங்க, மணி."

"ஓம் அக்கா."

றோட்டு முழுக்கப் பள்ளம். பஸ் தூக்கிப்போட்டபோது சிலை மடியிலிருந்து வழுக்கியது. தெய்வமணி சட்டென்று ஓட்டைக்குள் கையை விட்டு, வயிற்றின் உட்பக்கத்தைப் பற்றிக்கொண்டாள். பிறகு டவுன் வரும்வரை கையை எடுக்கவில்லை. அந்தக் கைக்கு அந்த ஓட்டை பெரிது. மணிக்கட்டைச் சுற்றிலும் இடம் கிடந்தது.