துயருறுவோர் பெயர்

"துயருறுவோர்ங்கிற எடத்துல உங்க பேரு மட்டும் போதுமா அக்கா, தம்பி பேரும் சேக்கணுமா?" என்று கேட்டாள் அச்சுக்கடை திலியானா.

மதியத்துக்குள் நெவேனா அப்பாவின் மரண அறிவிப்பை வீட்டுக் கதவிலும் தேவாலயச் சுவரிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டியாக வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஊருக்குச் சாவு தெரியும். கீழே யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்க்காமல் ஒருத்தரும் நகரமாட்டார்கள்.

முப்பது வருஷமாக அந்தத் தாள்களுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர் அவள் அப்பா வெலிச்கோ. எட்டாம் வகுப்போடு நின்ற தச்சர். மகா கஞ்சன் செத்தாலும் நாலே வரியில் ஊரை அழவைத்துவிடுவார். அந்த நாக்குதான் மகன் ஒக்னியானின் கல்யாண விருந்தில், கோப்பையை உயர்த்திக்கொண்டு, "என் மகன் தொடங்குனத முடிச்சதே இல்ல. பொண்ணுக்கு இப்பவே என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றது. மண்டபமே குலுங்கிச் சிரித்தது. இரண்டு வருஷத்தில் அந்தக் கல்யாணம் முறிந்தபோது ஊரே அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியது. அன்றைக்கு வார்னா நகரத்துக்குப் போனவன்தான், பதினோரு வருஷமாகியும் திரும்பவில்லை. திறமையாம் திறமை!

நெவேனா கடை வாசலுக்கு வந்து தம்பியை அழைத்தாள்.

"அப்பா போயிட்டாருடா. விடியக்காலைல."

"கடைசில பேச்சு வந்துச்சா?" என்றான்.

வரவில்லை. பக்கவாதம் வந்த பத்து மாதமாக அப்பாவின் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே, சொற்கள் தாமாக வந்து நின்றன.

"வந்துச்சுடா. 'ஒரு சிரிப்புக்காக என் புள்ளைய வித்துட்டேன், அந்தச் சிரிப்பு இன்னும் காத விட்டுப் போகல'ன்னாரு."

"நல்லாருக்கு" என்றான் ஒக்னியான். "எப்ப எழுதுன?"

"டேய்…"

"செத்த மனுஷனையாவது சும்மா விடேன் அக்கா. என் பேரப் போடாத. நான் வரல."

வைத்துவிட்டான்.

அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. இந்தப் பத்து மாதமும் வீட்டுத் தொலைபேசி அடித்தபோதெல்லாம் அப்பா, ஆள் நேரிலேயே வந்துவிட்டதுபோல, அசைகிற ஒற்றைக் கையால் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடப் பார்ப்பார். முடியாது. திரும்பவும் முயல்வார். யாரிடமிருந்து அழைப்பை எதிர்பார்த்தார் என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் தம்பி வந்திருப்பான். அழகாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுபடி அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த முறை அவன் செல்போனையே அணைத்து வைத்திருந்தான்.

"வாசகம் சொல்லுங்கக்கா" என்றாள் திலியானா. "அப்பா மாதிரி எழுத உங்களாலதான் முடியும்."

"ஒண்ணும் வேணாம். அவரு பேரு, பொறந்த தேதி, போன தேதி. கீழ என் பேரு."

"வெலிச்கோ பெரியவருக்கா? இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

பேருந்து நிறுத்தத்தில் அவள் ஒட்டிக்கொண்டிருந்தபோதே பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். ஒரே நொடியில் படித்து முடித்தார். பிறகு, இன்னும் ஒட்டாத ஓரத்தை மெல்லத் தூக்கி, தாளின் பின்பக்கத்தைப் பார்த்தார்.