இருநூற்று ஐம்பத்தாறால் வகுக்கவும்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்தில் தொடங்கியது. புகார் எழுதியவன் நானேதான்.

அன்று காலை எங்கள் தெருமுனை நிறுத்தத்தில், அடுத்த பேருந்து எப்போது வரும் என்று காட்டும் பலகை ‘768 நிமிடம்’ என்றது. கிட்டத்தட்ட பதின்மூன்று மணி நேரம் நிற்பதைவிட நடப்பது மேல் என்று நடையைக் கட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் பேருந்து என்னைத் தாண்டிப் போனது. காலியாக. வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்து, ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன்.

மாலை நாலரை மணிக்குப் பலகை நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். “சார், ஆறு பக்கமும் படிச்சேன். வானம் என்ன நிறத்துல இருந்துச்சுன்னுகூட எழுதியிருக்கீங்க. பஸ் நம்பரைத்தான் எழுதல.”

அரை மணி நேரம் பேசினோம். இந்தக் கதையில் முக்கால் பங்கு அவர் சொன்னது. மீதிக் கால் பங்கு

(இந்த வாக்கியத்தை முடிக்காமல் இருப்பதே எனக்கு நல்லது.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தத் திங்கட்கிழமை, கணினித் திரையின் நீல ஒளி அவள் முகத்தில்...’ அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை. கண் எரிகிறதென்று அவள் திரையை மஞ்சளாக வைத்திருப்பவள். (கதைக்குள் வந்துவிட்டதால் ‘அவள்’ என்கிறேன். மரியாதைக் குறைவில்லை, வசதி.)

இரண்டாவது தொடக்கம்: ‘நிரல் எழுதும் நிரல் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா?’ நீங்கள் எங்கே கேட்டீர்கள்? ஆனாலும் சொல்லாமல் கதை நகராது. (நிரல் என்றால் கம்ப்யூட்டர் புரோகிராம்.)

பேருந்து பலகைக்குச் செய்தி அனுப்புகிறது: தட எண், வரும் நிமிடம், காலி இருக்கை. எல்லாம் வெறும் எண்கள், பெட்டி பெட்டியாக வரிசையில் போகும். எந்தப் பெட்டிக்கும் பெயர்ச்சீட்டு கிடையாது. வரிசை பிசகினால் காலி இருக்கை நிமிடமாகிவிடும். ஆகவே பேருந்தில் அடுக்கும் நிரலும் பலகையில் பிரிக்கும் நிரலும் ஒரே பேச்சில் நிற்க வேண்டும். அந்த இரண்டையும் மனிதர்கள் எழுதினால் என்றாவது ஒருநாள் தப்பு வரும் என்று, எழுதுவதற்கே ஒரு நிரல் வைத்திருக்கிறார்கள். வரிசையைச் சொன்னால் போதும், நாலாயிரம் வரியை அது தானே எழுதித் தள்ளும். அலுவலகத்தில் அதற்கு ‘ஜெனரேட்டர்’ என்று பெயர். அதைக் கட்டிக் காப்பது அவள் வேலை.*

* அவள் மாமனாருக்கு இன்றுவரை இது விளங்கவில்லை. மின்சாரம் போனால் அவளுக்குத்தான் போன் செய்வார்: “நீ ஜெனரேட்டர் ரிப்பேர் பண்றவதானேம்மா? ஒரு எட்டு வந்து பாரேன்.”

3

அந்தத் திங்கட்கிழமை காலை, சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கிறதா என்பதையும் செய்தியில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தாள். ஜெனரேட்டரை ஓட்டினாள். நாலாயிரம் வரிகள் புதிதாக எழுதப்பட்டன. தேநீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஊரிலுள்ள முந்நூறு பழைய பலகைகளுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு நிமிடத்தில் வரும் பேருந்து 256 நிமிடம் என்றது. நான்கு நிமிடத்தில் வருவது 1024. ஜனங்கள் தலையில் அடித்துக்கொண்டு நிறுத்தத்தைவிட்டுப் போக, பின்னாலேயே பேருந்து வந்து ஆளில்லாத நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனது.

எங்கே தப்பு என்று அவள் திரையைத் துழாவிக்கொண்டிருந்தபோது, புகார்ப் பிரிவிலிருந்து ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு நிறுத்தத்தில், பலகையின்மேல் யாரோ ஒரு கணக்கு ஆசிரியை (கையெழுத்தே சொன்னது) ஒரு தாளை ஒட்டியிருந்தார்: ‘வரும் எண்ணை 256ஆல் வகுக்கவும். விடையே சரியான நிமிடம்.’ கீழே ஒரு எடுத்துக்காட்டு வேறு. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கைப்பேசியில் வகுத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்தது. நிமிடம் இரண்டு பெட்டிகளில் போகிறது; ஒன்றில் 1 என்று இருப்பது மற்றதில் 256. பழைய பலகைகள் அவற்றைத் தலைகீழாகப் படிக்கின்றன, 04 என்பதை 40 என்று வாசிப்பதுபோல. ஆனால் மூன்று வருடமாகச் சரியாகத்தானே காட்டின?

பழைய கோப்பைத் தோண்டினாள். நாலாயிரம் வரிகளுக்கு நடுவே, ஜெனரேட்டர் எழுதாத இரண்டு வரிகள். யாரோ கையால் நுழைத்து, பெட்டிகளை இடம் மாற்றியிருந்தார்கள். அந்தப் பழைய செய்தியில் மூன்று வருடமாக யாரும் கை வைக்காததால் அவை தப்பிப் பிழைத்திருந்தன. இன்று காலை அவள் ஓட்டிய ஓட்டத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டன. கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கிறது: ‘தானாக எழுதப்பட்டது. கையால் திருத்த வேண்டாம்.’

அதற்கும் மீறித் திருத்திய மகானுபாவன் யாரென்று பார்த்தாள். புருஷன்.

4

இங்கே ஒரு சங்கடம். இந்தப் புருஷனை வில்லனாக்கத்தான் எனக்கு ஆசை. ‘அவன் உதட்டோரம் ஏளனமாக...’ என்று ஆரம்பித்தும்விட்டேன். அவள் தொலைபேசியில் சிரித்தாள். “ஏளனமா? அவருக்கு அதெல்லாம் வராது சார். பூரான் வந்தா நாற்காலிமேல ஏறி நிப்பார்.”

அவன் அதே மாடியில் பலகைப் பிரிவில் இருப்பவன். மூன்று வருடம் முன்பு, பெட்டிகளை மாற்றி அடுக்க ஜெனரேட்டரில் ஒரு வசதி செய்து தாருங்கள் என்று கேட்டு அவள் மேசைக்கு வந்தான். தினமும் வந்தான். கேட்டுக் கேட்டு எட்டு மாதம் ஓடியது. கடைசியில் வசதியை மறந்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இன்று அவளே பழைய அலமாரியிலிருந்து எடுப்பதுபோல் அந்த வசதியை எடுத்துச் சேர்த்தாள். மதியத்துக்குள் பலகைகள் தெளிந்தன. பக்கத்தில் வந்து நின்ற புருஷன் திரையில் தேதியைப் பார்த்துவிட்டான்.

“இரு, இரு. இது நான் கேட்ட வருஷம் மார்ச் மாசமே முடிஞ்சிருக்கே?”

“உன் ரெண்டு வரி எந்த மாசம்?”

“...பிப்ரவரி.”

“அப்போ பிப்ரவரியிலயே உன் வேலை முடிஞ்சிடுச்சு. அக்டோபர் வரைக்கும் எதுக்கு வந்து கேட்டுக்கிட்டே இருந்தே?”

“மார்ச்லயே முடிச்சவ அக்டோபர் வரைக்கும் ஏன் தரல?”

அவளுக்குக் காது சூடாகிவிட்டதாம்.

(இதை நான் இட்டுக்கட்டவில்லை. என் கற்பனைக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் என் புத்தகங்கள் இரண்டாம் பதிப்பு கண்டிருக்கும்.)

5

மூன்று மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். போக்குவரத்துத் துறை கொதித்துப்போயிருந்தது. அறிக்கை வேண்டும். அதில் ‘பொறுப்பானவர்’ என்று ஒரு கட்டம், ஒரே ஒரு பெயருக்கு இடம். பெயர் வந்தவரை இந்த வேலையிலிருந்து எடுத்து வேறு ஊர்க் கிளைக்கு அனுப்ப வேண்டும். ஆறு மணி நேர ரயில் பயணம், குறைந்தது இரண்டு வருடம்.

“ரெண்டு பேர் போடலாமா சார்?”

“ஒரு கட்டம்தான்மா இருக்கு.”

அவள் தயங்கித் தயங்கி, பிப்ரவரி, மார்ச், அக்டோபர் எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவர் எதுக்கு உங்க மேசைக்கு வந்தார்னு இந்த மாடி முழுக்கத் தெரியும். தெரியாதவங்க நீங்க ரெண்டு பேர்தான். சரி, அது கிடக்கட்டும். அஞ்சு மணிக்கு அறிக்கை என் கைக்கு வரணும்.”

வெளியே வந்தபோது அவன் நடைவழியில் காத்திருந்தான். “என் பேரைப் போடு. திருத்தாதேன்னு எழுதியிருந்ததைத் திருத்தினவன் நான்.”

“வசதியைப் பூட்டி வச்சவ நான்.”

“பிடிவாதம் பிடிக்காதே.”

“நீயும்தான்.”

அவன் கோபித்துக்கொண்டு மூன்றடி நடந்தான். திரும்பி வந்து, “மதியம் சாப்பிட்டியா?” என்றான். அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். அவன் பெயரை எழுதுகிறாள், ரயில் நிலையக் காட்சி. அவள் தன் பெயரை எழுதுகிறாள், அதே ரயில் நிலையம், பெட்டி மட்டும் வேறு கையில். மூன்றாவதில் மேலாளர் மனமிளகி அறிக்கையைக் கிழிக்கிறார். அதைப் படித்துக் காட்டியபோது அவள், “அவரா?” என்று கேட்ட தொனியிலேயே அடித்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: மணி ஐந்துக்கு இரண்டு நிமிடம். இவள் எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கட்டத்தை நிரப்பாமல் நேரம் கடத்திக்கொண்டிருக்கிறாள். புகார் கொடுத்தவர்களில் நீளமாகப் பேசக்கூடியவன் யார் என்று பார்த்து என்னை அழைத்திருக்கிறாள்.

“எழுதிட்டீங்களா?” என்றேன்.

“ஒரு எழுத்து அடிச்சிட்டேன் சார்.”

“என்ன எழுத்து?”

“சொன்னாலும் உங்களுக்கு உதவாது. எங்க ரெண்டு பேர் பேரும் ஒரே எழுத்துலதான் ஆரம்பிக்குது.”

பின்னணியில் கதவு திறக்கும் சத்தம். “அம்மா, ஆச்சா?” என்று மேலாளரின் குரல். தொலைபேசி வைக்கப்பட்டது.

மறுபடி அழைத்து விசாரித்திருக்கலாம். இரண்டு தடவை எண்ணை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். என்னால் ஆனது இவ்வளவுதான். முதல் எழுத்து திரையில் இருக்கிறது. அடுத்த எழுத்தை நீங்கள் அடியுங்கள்.