ஒரு விரல் இறுக்கம்

அக்கா தன் கணவருக்குப் பின்னிக்கொண்டிருந்த நீல ஸ்வெட்டரின் இடது கையைப் பிரித்துவிட்டாள். வேறு வழியில்லை, தம்பி நடந்த நடைக்கு நூல் போதவில்லை.

பட்டறைச் சுவரில் பெரிய அட்டை ஒன்று தொங்கியது. மரம் அறுக்கும் இடம், நாற்காலிச் சட்டம் பூட்டும் மேசை, பாலிஷ் காயும் முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் தையல் அறை, வாசலோரம் வண்டியில் ஏற்றும் இடம் என்று பட்டறை முழுவதையும் அக்கா அதில் வரைந்திருந்தாள். இடத்துக்கு ஓர் ஆணி. ஒரு நாற்காலி உருவாகி வண்டியேறும்வரை யார் எங்கெங்கே போய் வருகிறார்கள் என்று பின்னாலேயே சுற்றிப் பார்த்து, ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூலை ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டியிருந்தாள். ஏதோ ஒரு வாரக்கடைசி வகுப்பில் கற்றுக்கொண்டு வந்த வித்தை. வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் திருத்தம் மூன்றும் அதில் தானாக வந்து மாட்டிக்கொள்ளுமாம்.

மாட்டிக்கொண்டன. அத்தானின் பச்சை நூல் வாசல்வரை சாதுவாகப் போய் முடிந்தது. தம்பியின் நீல நூல்தான் பூட்டும் மேசைக்கும் தையல் அறைக்கும் இடையே தாம்புக்கயிறு கனத்துக்குத் தடித்துக் கிடந்தது.

"என் கை போச்சே," என்றார் அத்தான், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"உங்க கைய அப்புறம் பாக்கலாம். டேய் ரசமட்டம், இங்க வா!"

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் டீ டம்ளர் வைக்கும் பலகைகூடச் சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வைப்பான் என்பதால், அந்தக் கருவியின் பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது. அளவு என்றால் அவனுக்கு உயிர். அந்தப் பட்டறையில் கடை நாற்காலி கிடையாது. உட்காரப் போகிறவரின் முதுகு, முழங்கால், சாய்கிற பழக்கம் எல்லாம் பார்த்து ஆளுக்கென்று செய்து கொடுப்பார்கள். அதனால் அவனுடைய கிறுக்குக்கு அங்கே மரியாதையும் இருந்தது. இன்றுவரை.

"நீ செய்யுற சட்டத்துக்குத் தைக்கிற உறை ஒண்ணுவிடாம திரும்பி வருது. உங்க அத்தான் சட்டத்துக்கு ஒண்ணுகூட வரல. அது ஏன்டா?"

"போட்டுப் பாத்தா ஓரத்துல இறுக்குதுக்கா. ஒரு விரல் அளவு."

"தைக்கிறது ஒரே ஆள். அப்ப அளவு யாருது தப்பு?"

அவன் முகம் சுண்டிப்போனது.

"இன்னொண்ணு. அளவைச் சொல்லி அனுப்பினா போதாதா? எதுக்குச் சட்டத்தையே தோள்ல தூக்கிட்டு முற்றம் தாண்டிப் போற?"

"நேர்ல வச்சுப் பாத்தாத்தானே துல்லியமா..."

"துல்லியம்!" என்றாள் அக்கா. "பல் டாக்டர் முதுகுவலின்னு சொல்லி ஸ்டூல் கேட்டார். அது உனக்கும் தையல் அறைக்கும் நடுவுல போயிட்டு போயிட்டு வருது. பாவம், மனுஷன் நின்னுக்கிட்டே பல்லு புடுங்குறார். சாயங்காலம் எல்லாரும் இங்க கூடணும். நான் ஒரு முடிவு எடுக்கப் போறேன்."

அக்கா முடிவு எடுக்கப்போகிறேன் என்று சொன்னால், முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று பொருள். அது என்னவென்று அத்தான் அவன் காதோடு சொன்னார். "இனிமே சட்டம் எல்லாம் நான்தானாம். நீ வண்டியோட போயி வீடு வீடா நாற்காலி இறக்கணுமாம். மனச விட்றாதடா மாப்ள."

வண்டி என்றால் காலையில் போய் இருட்டிய பிறகு திரும்புகிற வேலை. பூட்டும் மேசை போகும். கைக்குப் பழகிய உளிகள் போகும். முற்றம் தாண்டிப் போக ஒரு காரணம் இருந்ததே, அதுவும் போகும். இந்த மூன்றாவதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தையல் அறையில் இருந்தவளிடம் நிச்சயமாகச் சொன்னதில்லை.

அவளை எல்லோரும் குண்டூசி என்பார்கள். ஆள் சின்ன உருவம், சட்டைக் கழுத்துப்பட்டை நிறையக் குண்டூசி, வாயிலும் அதே கூர்மை. அவள் முன்னால் போய் நின்றாலே அவனுக்குப் பேச்சு நாற்காலியை விட்டு நகராது. "இந்தப் பக்கம் கொஞ்சம் இறுக்குதுங்க," என்பான். "அப்படியாங்க?" என்பாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் நாலு கால் சட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு போய் வந்தான்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவன் டாக்டரின் ஸ்டூலை மேசைமேல் ஏற்றினான். டேப்பை எடுத்துச் சட்டத்தை நாலு பக்கமும் அளந்தான். மயிரிழை பிசகவில்லை. பிறகு உறையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினான்.

தையலுக்கு உள்ளே துணி மடித்து விடப்பட்டிருந்தது. சரியாக ஒரு விரல் அகலம். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது, பின்னால் பிரித்து விடலாம் என்று உள்ளே விட்டு வைப்பார்களே, அப்படி. கை தவறியவர் இப்படி மடிக்க மாட்டார். இறுக்கம் வரும் என்று முன்பே தெரிந்தவர்தான் மடிப்பார்.

முதலில் கோபம்தான் வந்தது. என் அளவிலா விளையாடுகிறாள்? அடுத்த நிமிடம், எதற்கு விளையாடுகிறாள் என்று யோசித்தான். அப்போது காது சூடேறியது. டேப் தானாகச் சுருண்டு போய் விரலில் அடித்ததுகூட உறைக்கவில்லை.

சாயங்காலம் அட்டைக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். குண்டூசி கடைசியாக வந்து கதவோரம் நின்றாள். அக்கா நீல நூலை ஒரு குச்சியால் தட்டிக் காட்டி, அத்தான் காதோடு சொன்னதை உரக்கச் சொன்னாள்.

"உன் அளவு சரின்னு சொல்ல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு."

திருப்பிய உறை அவன் பைக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் மேசை மிஞ்சும், பேர் மிஞ்சும். ஆனால் அக்காவின் குச்சி அடுத்து கதவோரம் திரும்பும்.

"என் அளவுதான்கா தப்பு," என்றான்.

பட்டறையே அவனைத் திரும்பிப் பார்த்தது. ரசமட்டம் தன் அளவைத் தப்பு என்று சொல்வதா! அத்தான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே..."

"அவரு அளவு சரிதான்கா." கதவோரமிருந்து குரல் வந்தது. கூர்மை குறையவில்லை. "நான்தான் ஒரு விரல் குறைச்சுத் தைச்சேன். வேணும்னேதான்."

"ஏன்டீ?"

"சரியாத் தைச்சுக் குடுத்தா நாற்காலி வண்டியேறிடும். இவரு எதுக்கு வருவாரு? திரும்ப வந்தாலாவது ஏதாவது பேசுவாருன்னு பாத்தேன். வர்றாரு. வந்து, 'இந்தப் பக்கம் இறுக்குதுங்க'ன்னு நாற்காலியப் பத்தி மட்டும் பேசிட்டுப் போயிடுறாரு. நான் என்ன செய்யட்டும், ரெண்டு விரலாக் குறைக்கட்டுமா?"

அத்தான் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமித் தொலைத்தார். அக்கா அட்டையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். வகுப்பில் இதைச் சொல்லித் தரவில்லை போலிருந்தது.

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். இப்போதும் நாற்காலிதான் வாயில் வந்தது. "சட்டத்தத் தூக்கிட்டு வரணும்னு அவசியமே இல்லீங்க. அளவைச் சொல்லி அனுப்பினாலே போதும். எனக்கு மொதல்லயே தெரியும்." அடுத்ததை அவளை நேராகப் பார்த்துச் சொன்னான். "உங்களப் பாக்கத்தான் தூக்கிட்டு வந்தேன்."

"இத்தனை நாற்காலியா?" என்றாள் குண்டூசி.

"தோள்பட்டை வலிக்குதுங்க."

"அடப் பாவிங்களா!" அக்கா குச்சியை மேசைமேல் போட்டாள். "நீங்க ரெண்டு பேரும் காதலிக்கிறதுக்கு அந்த டாக்டர் ஏன்டா நிக்கணும்?"

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தையல் மேசை முற்றம் தாண்டி, பூட்டும் மேசைக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. அக்காதான் முன்னே நின்று தூக்கினாள். மேசை சமமாக நிற்கிறதா என்று பார்க்க அவன் கருவியை எடுத்தான். "சரியா இருக்குங்க, வைங்க உள்ள," என்றாள் குண்டூசி. அவன் அளக்காமலே கருவியை உள்ளே வைத்தான். அத்தானுக்கு அதுதான் பெரிய அதிசயம். டாக்டரின் ஸ்டூல் அன்றே வண்டியேறியது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அடுத்த வாரம் பார்த்துப் பேசுவது என்றும் முடிவாயிற்று.

அக்கா அட்டையில் நூலை அவிழ்த்து மறுபடி கட்டினாள். இந்தத் தடவை நீல நூல் ஆணிக்கு ஆணி ஒரு சாணுக்கு மேல் இல்லை. மீந்ததை உருண்டையாகச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஸ்வெட்டர் கையை விட்ட இடத்தில் தொடங்கினாள்.

முடிந்ததும் அத்தான் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கையை நீட்டினார், மடக்கினார்.

"இடது கை ஒரு விரல் குறையுதே."

"கழட்டிக் குடுங்க. பிரிச்சுப் போட்டுத் தரேன்."

"இப்ப என்ன அவசரம்?" அத்தான் கையை மார்போடு கட்டிக்கொண்டார். "தம்பிக்கு மட்டும்தானா? நானும் அளவு பாக்க உன்கிட்ட ரெண்டு மூணு தடவை வந்துட்டுப் போறேனே."