மேலே போன வேலாயுதம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வயிறு குலுங்கச் சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சிங்கப்பூர் தேக்காவில் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் வேலாயுதம் தாம் நினைக்காமலே ஏறத் தொடங்கினார். கழுத்தில் இரண்டு கல்யாண மாலைகள். பன்னிரண்டாவது மாடியில் அவர் வீடு. அங்கே மகள் சுஷ்மிதாவுக்குக் கல்யாணம். பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. மாலைக்காக மாப்பிள்ளை அருண்ராஜ் காத்திருக்கிறார்.

காரணம், எதிர்க்கடை நாகூர் கனி. பழைய விளையாட்டு இயந்திரம் ஒன்றை வாங்கி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இடது கைக்கு ஒரு பிடி, வலது கைக்கு ஒரு பிடி. திரையில் ஒருவன் ஜன்னல் ஜன்னலாகப் பிடித்துக் கட்டடம் ஏறுவான். பிடித்த ஜன்னலைச் சாத்தினால் விழுவான். இறங்க வழியே கிடையாது. வாலிபத்தில் வேலாயுதம் ஐந்து வருடம் அந்த இயந்திரமே கதியென்று கிடந்தவர். அது அவர் கைகளை மறக்கவில்லை. அன்று தூசி துடைக்கக் கனி பிடிகளை அசைத்தார். திரையில் மாலையும் வழுக்கையுமாக ஓர் ஆள் ஏறியதைக் கண்டதும், அது வேலாயுதம்தான் என்று விளங்கிவிட்டது. பிறகு கையை எடுக்க முடியுமா, ஆள் விழுந்துவிடுவாரே? பதமாக ஏற்றிக்கொண்டே போனார்.

மூன்றாவது மாடி சாமுண்டீஸ்வரி, வேலாயுதத்தின் மனைவி பாக்கியலட்சுமிக்குப் போன் போட்டு, அண்ணன் வந்தாச்சா என்று கேட்டார். பாக்கியலட்சுமி ஜன்னல் வழியே குனிந்து பார்த்து, "உங்க மாடியத் தாண்டி மேல போயிட்டாரு லா, கழுத்துல மாலையோட" என்றார். சாமுண்டீஸ்வரி காதில் விழுந்தது "மேல போயிட்டாரு" மட்டும்தான். உடனே கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். துக்கத்துக்கு மரியாதையாகக் கட்டடமே ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தது. வேலாயுதம் ஏழாவது மாடியில், ஒற்றைக்கையில் தொங்கினார்.

திரையில் அதைக் கண்ட கனி, பாக்கியலட்சுமிக்குப் போன் போட்டுத் தன் காதில் வைக்கச் சொல்லி மனைவி ஜைனப்பிடம் தலையாட்டினார். "தங்கச்சி, ஏன் சாத்துறாங்க? ஆளு விழுந்துடுவாரு."

பாக்கியலட்சுமி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்: "அவரு சாகல லா. சுவத்துல ஏறுறாரு. அழுறத நிறுத்திட்டு ஜன்னலத் தொறங்க."

படபடவென்று ஜன்னல்கள் திறந்தன. ஒன்பதாவது மாடியில் ஒருவர் கோப்பியில் ஸ்ட்ரா போட்டு நீட்டினார், வேலாயுதம் குடித்துவிட்டு ஏறினார். பத்து இருபத்தைந்துக்கு வீட்டு ஜன்னலில் நுழைந்து மாலைகளைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு பூ உதிரவில்லை.

இப்போது புதன்கிழமைகளில் மட்டும் கனி தூசி துடைக்கிறார். அன்று வேலாயுதம் லிஃப்டுக்குக் காத்திருப்பதில்லை. சந்தைப் பையோடு சுவர் வழியாகவே வீடு போகிறார். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டுக்கும் மாலைகள் நேரத்தோடு வந்து சேரட்டும் கண்ணுகளா. ஜன்னல்கள் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.